பதினெட்டாவது தடை

“டீச்சர், முப்பது வருஷமா ஓலை வாசிக்கிறேன். இந்த ஒரு ஓலை மட்டும் தொண்டையைத் தாண்ட மாட்டேங்குது.”

போதகர் ஞானசிகாமணி இதைச் சொன்ன இடம் ஒரு மாவு மில்.

சுகிர்தம் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் வாயில் மிளகாய் வற்றலைக் கொட்டினார்.

போதகர் தும்மினார். ஒன்பது முறை.

“இப்ப சொல்லுங்க,” என்றார் சுகிர்தம்.

சுகிர்தம் ஒரு காலத்தில் வேதாகமக் கல்லூரியில் எபிரேயம் கற்பித்தவர். போதகரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு கோடைக்காலப் பயிற்சிக்குப் போன போதகர் அவரிடம் எபிரேயம் படித்தார். தேர்வில் தோற்றார். அன்றிலிருந்து அவருக்கு சுகிர்தம் டீச்சர்.

கல்லூரியை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், “மாவாவது நான் சொன்னாக் கேக்குது” என்பார் சுகிர்தம்.

சந்தேகம் வரும்போதெல்லாம் போதகர் மில்லுக்கு வந்தார். வெறுங்கையோடு வந்தால் ஊர் பேசும். அதனால் ஒரு தூக்குவாளியும் கூட வரும். திரித்துவத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு மூன்று படி பச்சரிசி. உயிர்த்தெழுதலுக்குக் கேழ்வரகு. பதில் கிடைத்ததோ இல்லையோ, மாவு கிடைத்தது.

“உங்க விசுவாசம் திரும்புறதுக்குள்ள இந்த வீட்டுல இடியாப்பம் வெறுத்துரும்,” என்று அவர் மனைவி சொல்லியிருந்தார்.

இந்த முறை மிளகாய்.

“யாரோட ஓலை?” என்று கேட்டார் சுகிர்தம்.

“பெனிட்டன், நேசமலர்.”

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் கோவிலில் வாசிக்க வேண்டும். அதுதான் ஓலை. வாசித்து முடித்ததும் போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார்: “இவ்விருவருக்கும் விவாகம் நடப்பிக்கத் தடை யாதொன்றும் உண்டென்று அறிந்தவர்கள் இருந்தால் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்.”

பிறகு ஒரு மௌனம். அதில் சபையார் இருமிக்கொள்வார்கள். அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடுவார்கள். முப்பது வருடத்தில் யாரும் எழுந்து நின்றதில்லை.

பெனிட்டன் கீழத்தெரு. மின்வாரியத்தில் லைன்மேன். நேசமலர் மேலத்தெரு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். சபைச் செயலர் மாசிலாமணியின் ஒரே மகள்.

இரண்டு தெருவுக்கும் ஒரே கோவில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே திருவிருந்துக் கிண்ணம். மேலத்தெரு முன்னால் உட்காரும். கீழத்தெரு பின்னால் உட்காரும். அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை. சரிவு எந்தப் பக்கம் என்று தண்ணீருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

“தடை யாரும் சொன்னாங்களா?”

“கோவில்ல யாரு சொல்வா? வீட்டுக்கு வந்து சொல்றாங்க. பின்வாசல் வழியா.”

“என்னன்னு?”

“பையனுக்கு இடது கைப் பழக்கமாம்.”

சுகிர்தம் சல்லடையைத் தட்டினார்.

“பொண்ணு அவனைவிட அரை அங்குலம் உசரமாம்.”

“அளந்தாங்களா?”

“கேக்கல. அப்புறம் பாக்கியநாதன் வந்தாரு. ரெண்டு பேரும் ஒரே தொட்டியில ஞானஸ்நானம் எடுத்தவங்க, அண்ணன் தங்கச்சி முறை வருதே ஐயான்னாரு. ‘நாமெல்லாம் கிறிஸ்துவுக்குள்ள சகோதர சகோதரிகள்னு போன ஞாயிறு முழங்குனது நீங்கதானே’ன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்க சம்சாரமும் அதே தொட்டிதானேன்னேன். காப்பியைக் குடிக்காமப் போயிட்டாரு.”

“நெசமான காரணத்தை யாரு சொன்னா?”

“ஒருத்தர் வாயிலயும் வரல, டீச்சர். இவங்களுக்குத்தான் முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணியிருக்கேன். ஆத்துக்குள்ள கிடக்குற கல்லு மாதிரி இருக்காங்க. உடைச்சுப் பாத்தா உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல. நான் சொல்ற வசனத்துக்கு ஒரு சக்தியும் இல்லன்னு தோணுது. எனக்கு விசுவாசம் போயிட்டுது.”

மிளகாயின் கடைசிப் பிடி உள்ளே போனது. இயந்திரம் அலறியது. அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை.

சுகிர்தம் இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கையால் எழுதுவதுபோல் காட்டினார்.

“எழுதி வாங்கணுமா?” என்று கத்தினார் போதகர்.

சுகிர்தம் தலையாட்டிவிட்டுத் தும்மினார்.

*

பின்வாசலில் வந்தவர்களிடம் போதகர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

“எழுதிக் குடுங்க. சபை ஒழுங்குப்படி பாத்துக்கலாம்.”

“பேரு போடணுமா ஐயா?”

“உங்க இஷ்டம்.”

சனிக்கிழமைக்குள் பதினேழு தாள் சேர்ந்தது. ஆறு தாளில் ‘சபை நலம் நாடும் ஒருவன்’ என்று இருந்தது. அந்த ஒருவன் ஆறு விதமான கையெழுத்தில் நலம் நாடியிருந்தான். ஒரே ஒரு தாளில் மட்டும் பெயர் இருந்தது. போதகர் அதைப் படித்தார். மடித்துத் தன் வெள்ளை அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை முன்வாசல் வழியாக ஒருத்தி வந்தாள். நேசமலர். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

“ஐயா, நாளைக்கு எங்க ஓலை உண்டா, இல்லையா?”

“பொறும்மா.”

“நாலு வருஷம் பொறுத்தாச்சு. ரெஜிஸ்தர் ஆபீஸ் போனா அரை மணி நேரத்துல முடிச்சுக் கையில குடுத்துருவாங்க.”

“அப்போ அங்கயே…”

“அங்க போனா எங்கப்பா வரமாட்டாரு. வீட்டுல நாலு மாசமா எங்கிட்டப் பேச்சில்ல. உப்பு வேணும்னாக்கூட சுவரைப் பாத்துக் கேக்குறாரு. இங்க நடந்தா செயலர்னு வந்துதானே ஆகணும்? வாசல் வரைக்கும் வந்தாப் போதும். நான் கையைப் பிடிச்சுக்குவேன். பிடிச்சா உதற மாட்டாரு. எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

“உதறிட்டாருன்னா?”

“அதை நீங்க ஜெபத்துல வையுங்க. உங்க வேலைல்லா அது.”

வெளியே பைக்கில் காத்திருந்த பெனிட்டன் எட்டிப் பார்த்தான்.

“கும்பிடுறேன் ஐயா. பதினோராயிரம் வோல்ட்டுல ஏறி இறங்குறவன் நான். மாமா வீட்டு வாசல்ல நிக்கத்தான் காலு நடுங்குது.”

போதகர் தூக்குவாளியைத் தேடினார். அரிசி இல்லை. உளுந்து இருந்தது.

*

சுகிர்தம் பதினாறு தாளையும் நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். எந்த இடம் என்று சொல்லவில்லை.

“இதை என்ன செய்ய, டீச்சர்?”

“ஓலை வந்தா என்ன செய்வீங்க?”

“வாசிப்பேன்.”

சுகிர்தம் தாள்களைத் திருப்பி நீட்டினார்.

போதகர் வாங்கவில்லை. “டீச்சர்! கோவில்லயா?”

“ஓலை எத்தனை ஞாயிறு?”

“மூணு.”

சுகிர்தம் தாள்களை உளுந்து வாளியின் மேல் வைத்துவிட்டு இயந்திரத்தின் விசையைத் தட்டினார்.

*

முதலாம் ஞாயிறு. போதகர் ஓலையை வாசித்தார். குரல் தண்ணீர் வராத குழாய் மாதிரி இருந்தது. மணமகன் பெயரும் அவன் அப்பா பெயரும் பாதிதான் கேட்டன. தடை உண்டா என்று கேட்டார். சபை இருமியது. பாட்டுப் புத்தகங்கள் திறந்தன.

“பொறுங்க,” என்றார் போதகர். “பதினாறு தடை எழுத்தில் வந்திருக்கிறது.”

புத்தகங்கள் மூடின.

போதகர் ஓலை வாசிக்கும் அதே இராகத்தில் வாசித்தார். “முதலாவது தடையாவது: மணமகனுக்கு இடது கைப் பழக்கம் உண்டென்பது. இரண்டாவது தடையாவது: மணமகள் அரை அங்குலம் உயரம் என்பது. மூன்றாவது தடையாவது: இவ்விருவரும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றபடியால் உடன்பிறந்தோர் என்பது.”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, கைக்குட்டைக்குள் போனது.

பதினாறும் முடிந்தது.

“இந்தத் தடைகளுக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இருந்தால் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்.”

பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பெனிட்டனின் அம்மா, இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“ஐயா, எம்மவன் இடது கைன்னு எழுதுன வீட்டுல போன வாரம் ஃபியூஸ் போச்சே, அதை எந்தக் கையால போட்டானாம்?”

முன்வரிசையில் ஒரு தலை குனிந்தது. முகவரி எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

“இது முதலாம் வாசிப்பு,” என்றார் போதகர். “அடுத்த ஞாயிறு இரண்டாம் வாசிப்பு.”

அந்த வாரம் பின்வாசலில் கூட்டம்.

“ஐயா, அந்த நாலாவது தாளைக் கொஞ்சம் தாங்க. எழுத்துப் பிழை இருக்கு. திருத்திட்டுத் தாறேன்.” போனவர் திரும்பவில்லை.

“ஏழாவது என்னோடது இல்ல ஐயா. ஆனா அதைக் கிழிச்சுருங்க.”

பாக்கியநாதன் வரவில்லை. அவர் மனைவி வந்தாள்.

“மூணாவது தாளைக் குடுங்க ஐயா. தண்ணி எடுக்கப் போனா, ‘நீ அவருக்கு அக்காவா தங்கச்சியா’ன்னு கேக்குறாளுக.”

இரண்டாம் ஞாயிறு நான்கு தாள்தான் மிச்சம் இருந்தது. அந்த நான்கும் திங்கட்கிழமை காலைக்குள் போயின.

ஆனால் அந்த இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்து, போதகர் அங்கியைக் கழற்றும்போது, மாசிலாமணி வந்து கதவை மறித்து நின்றார்.

“ஐயா, நான் பேரு போட்டுக் குடுத்தேன். ரெண்டு வாரமா ஏன் வாசிக்கல?”

“செயலரே, அது வந்து…”

“மொட்டைத் தாளுக்கெல்லாம் மரியாதை. கையெழுத்துக்கு இல்லையா? வர்ற ஞாயிறு வாசிக்கணும்.”

*

“இதுதான் அது,” என்றார் போதகர். கையில் வாளி இல்லை. ஊர் பேசினால் பேசட்டும் என்று வந்திருந்தார்.

சுகிர்தம் தாளை வாங்கிப் படித்தார்.

‘என் மகள் கீழத்தெரு வீட்டில் வாழ்ந்து, சமைத்து, பிள்ளை பெறுவதை என்னால் தாங்க முடியவில்லை. இதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினேன். இல்லை. ஆனாலும் தாங்க முடியவில்லை. மாசிலாமணி.’

சுகிர்தம் இயந்திரத்தை நிறுத்தினார்.

போதகர் அங்கே வந்துபோன இத்தனை வருடத்தில் மில் நின்றதில்லை. திடீரென்று தெரு கேட்டது. ஐஸ்காரன் மணி. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது.

“இதை வாசிச்சா அந்த மனுஷன் செத்துருவாரு டீச்சர்.”

“அவர்தானே வாசிக்கச் சொல்றாரு.”

“சொல்றாரு. எனக்குத்தான் மனசு வரல. இரக்கம்.”

“உங்களோடது எங்க?” என்றார் சுகிர்தம்.

“என்னோடது என்ன?”

“தடை.”

“எனக்கு என்ன தடை? நான் ஓலை வாசிக்கிறவன்.”

“தொண்டையைத் தாண்டலன்னீங்க.”

போதகர் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“கிதியோனை உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?”

“யாரு?”

“எம்மவன்.”

“தெரியாது.”

“அப்போ உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. வர்றவங்ககிட்ட எல்லாம் அரிசியில கல்லு இருக்கான்னு கேக்குறேன்ல, அந்த மாதிரிதான் கேட்டேன்.”

ஐஸ்காரன் தெருவைக் கடந்து போய்விட்டான்.

“ஒரு பென்சில் இருக்கா?” என்றார் போதகர்.

சுகிர்தம், வாளிகளில் பெயர் எழுத வைத்திருந்த பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

*

மூன்றாம் ஞாயிறு. கோவில் நிரம்பியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். சுகிர்தம் கடைசி வரிசையில் இருந்தார். தலைமுடியில் மாவு.

போதகர் மூன்றாம் ஓலையை வேதாகமத்துக்கு அடியில் வைத்தார்.

“முதலில் தடைகளை வாசிக்கிறேன். இரண்டு மிச்சம் இருக்கிறது.”

மாசிலாமணியின் தாளை வாசித்தார். ஒரு வார்த்தை விடவில்லை. பெயரையும் வாசித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் நேசமலர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் இன்னொரு தாளை எடுத்தார். பென்சில் எழுத்து. கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

“ஆறு வருடத்துக்கு முன் என் மகன் கிதியோன், வேறொரு ஊரில், கீழத்தெருப் பெண் ஒருத்தியை மணக்க விரும்பினான். சபைக்கு இடறலாகும் என்று சொல்லி நான் மறுத்தேன். அது பொய். எனக்குப் பிடிக்கவில்லை. அவன் இப்போது துபாயில் தனியாக இருக்கிறான். வாரம் ஒரு தரம் போன் செய்கிறான். அவன் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். அந்தத் தடை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஞானசிகாமணி, இச்சபையின் போதகன்.”

தாளை மடித்தார். மடிப்பு நேராக வரவில்லை.

“இவ்விரண்டு தடைகளுக்கும் தடை உண்டென்று அறிந்தவர்கள் இருந்தால்…”

முன்வரிசை பெஞ்சு கிரீச்சிட்டது. மாசிலாமணி எழுந்து நின்றார்.

“ஐயா, உங்க தடை செல்லாது.”

“ஏன்?”

“ஏன்னா கேக்குறீங்க? அந்தப் பிள்ள ஞானஸ்நானம் எடுத்ததா, இல்லையா?”

“எடுத்தது.”

“திருவிருந்துல பங்கு உண்டா?”

“உண்டு.”

“பிறகு என்னத்தைப் பிடிக்கலங்கிறீங்க?”

மாசிலாமணி வசனம் சொன்னார். ஒன்று, இரண்டு, ஐந்து. அதிகாரம், எண் எதுவும் தப்பவில்லை. தீர்க்கதரிசிகளில் ஆரம்பித்து நிருபங்கள் வரைக்கும் வந்தார். முப்பது வருடத்தில் அந்தக் கோவிலில் இப்படி ஒரு பிரசங்கம் நடந்ததில்லை. போதகரே தலையாட்டிக் கேட்டார்.

“பெத்த பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தனியா உக்கார வச்சுட்டு, இங்க அன்பைப் பத்தி மூணு தலைப்புல பேசுறீரே, வெக்கமா இல்லையாவே உமக்கு? அவன் சோறு தின்னானான்னு கேக்க ஒரு நாதி உண்டா அங்க? அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணிச்சு? பிள்ளையைவிட உமக்குத் தெரு பெருசாப் போச்சு. தெரு…”

நின்றுவிட்டார்.

வாய் திறந்தபடி இருந்தது. ஒரு கை மேலே தூக்கியபடியே இருந்தது.

கடைசி வரிசையைப் பார்த்தார் போதகர். சுகிர்தம் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெனிட்டனின் அம்மா பாயிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “சொல்லுங்க ஐயா. நல்லாத்தானே வந்துது.”

மாசிலாமணி உட்காரவில்லை. தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது. பெண்கள் பக்கம் திரும்பினார். நாலு மாதமாகச் சுவரையே பார்த்துப் பேசிய மனிதர், மகளைப் பார்த்தார். நேசமலர் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

போதகர் வேதாகமத்தைத் தூக்கி ஓலையை எடுத்தார்.

“செயலரே, மூணாம் ஓலை இருக்கு. வாசிக்கட்டுமா?”

மாசிலாமணி பெஞ்சை விட்டு வெளியே வந்தார். பீடத்தின் படி வரைக்கும் நடந்து, கையை நீட்டினார்.

“இங்க குடுங்க. ரெண்டு வாரமா மாப்பிள்ளையோட அப்பா பேரைத் தப்பா வாசிக்கிறீரு.”